எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு வன்னியில் இருந்து போகிறவர்களுக்கு: கடும் வலிக்குளிசையைக் குறைத்து வலியைச் சமாளிக்கும் வழிகாட்டி

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு வீட்டு விறாந்தை. பாயை விரித்து, கொழும்பில் இருந்து கொண்டுவந்த மருந்துப் பையைக் கொட்டினோம். அந்த வீட்டு அக்காவுக்கு வயிற்றைச் சிறிதாக்கும் ஒபரேசன் முடிந்து அன்று ஐந்தாம் நாள். பைக்குள் ட்ரமடோல் என்ற கடும் வலிக்குளிசையின் அட்டை மூன்று இருந்தன, இரண்டு வெவ்வேறு மருந்துத் துண்டுகளில் எழுதிக் கொடுக்கப்பட்டவை. ஒன்றரை அட்டை முடிந்திருந்தது. பனடோல் அட்டையை உடைக்கவே இல்லை.

"அது காய்ச்சலுக்குத் தந்தது எண்டெல்லோ நினைச்சன், தங்கச்சி," என்றார். மூன்று நாளாகச் சத்தி, தலைச்சுற்று, மலம் போகவில்லை. நோ மட்டும் பெரிதாக இல்லை. ஆனால் கட்டிலை விட்டு எழும்பவும் இல்லை.

நான் பல வருடம் சத்திரசிகிச்சை வோர்ட்டில் வேலை செய்த தாதி. இதே பையை வேறு வேறு வீடுகளில் பார்த்துவிட்டேன். அடித்தளமாக இருக்க வேண்டிய மருந்து தொடப்படாமல் கிடக்கும். கடைசியாக எடுக்க வேண்டியது முதலில் தீரும். இந்த ஒழுங்கை நேராக்குவதற்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் அளவுகள் பொதுவாக வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்படுபவை. உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

ஓபியோயிட் என்பது அபினில் இருந்து வந்த மருந்துகளும், அதே மாதிரி வேலை செய்யும்படி ஆய்வுகூடத்தில் செய்த மருந்துகளும் சேர்ந்த குடும்பம். மோர்பின், பெத்தடின், பென்டனில், கோடீன், ட்ரமடோல் எல்லாம் இதற்குள் வரும். இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வோர்ட்டில் நடு இரவில் ஒரு சிறு அளவு மோர்பின் ஒருவரை மனிதராக்கியதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மற்ற வழிகளை எல்லாம் முதலில் வடிவாகப் பாவித்துவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வலிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒபரேசனில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

முதற் காரணம் மூச்சு. உடல் எடை கூடியவர்களில் நிறையப் பேருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிற நோய் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. மூச்சு நின்றவுடன் மூளை உலுப்பி எழுப்பிவிடும், அதனால்தான் தப்புகிறார்கள். ஓபியோயிட் அந்த உலுப்பலை மழுங்கடிக்கிறது. ஒபரேசனுக்குப் பிந்திய இரவில் குறட்டை திடீரென்று நின்று ஆள் அசையாமல் கிடந்தால், "பாவம், இப்பத்தான் நல்லா நித்திரை கொள்ளுது" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போகக் கூடாது.

இரண்டாவது, சத்தி. ஸ்லீவ் என்ற முறையில் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஸ்டேப்பிள் போட்டு மூடியிருக்கிறார்கள். அதற்குள் குமட்டலும் ஓங்காளமும் வந்தால் நோவும் கூடும், தண்ணீரும் இறங்காது. இந்த ஒபரேசன் செய்தவர்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு உடம்பில் நீர் வற்றுவது முக்கியமான ஒரு காரணம். அதுவும் சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் என்றால் சொல்லத் தேவையில்லை. மலச்சிக்கலும் சேர்ந்தால் வயிறு பொருமி, அந்தப் பொருமலையும் நோ என்று நினைத்து இன்னொரு குளிசை போடுவார்கள். அது மலத்தை இன்னும் இறுக்கும்.

பைபாஸ், அதாவது வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் ஒபரேசன், செய்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குடல் வழியை மாற்றிய பிறகு, வாயால் எடுக்கும் மோர்பின் முன்னையைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. மதுவும் அப்படித்தான். மெதுவாகக் கரையும்படி செய்த நீண்டநேரக் குளிசைகளோ எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாதவை.

பிறகு பழக்கம். எடை குறைந்தால் முழங்கால் நோவும் முதுகு நோவும் குறையும், வலிக்குளிசையும் தானாக நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். அமெரிக்காவில் எடைக் குறைப்பு ஒபரேசன் செய்த 2,000க்கு மேற்பட்டவர்களை 7 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒபரேசனுக்கு முன் அவர்களில் நூற்றுக்கு 15 பேரளவில் ஓபியோயிட் பாவித்தார்கள். ஆறு மாதத்தில் அது சற்றுக் குறைந்தது. ஏழாம் வருடம் 20 பேரளவுக்கு ஏறியிருந்தது. 2013இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், முன்பே நாட்பட்டு ஓபியோயிட் எடுத்தவர்களில் 77 வீதமானோர் ஒபரேசனுக்குப் பிந்திய வருடத்திலும் அதை விடவில்லை. நம்முடைய ஆஸ்பத்திரிகளில் அங்கே மாதிரி அள்ளிக் கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் பாயில் கொட்டிய பையைப் பார்த்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை.

1. ஆறு வாரம் முன்: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

நம்முடைய பக்கத்தில் வெட்கத்தால் மறைக்கப்படும் விசயம் ஒன்று இருக்கிறது. உடம்பில் போர்க்காலச் செல் துண்டோடு வாழ்கிறவர்கள், கால் இழந்தவர்கள், இல்லாத காலில் இன்றும் நோ வருகிறவர்கள் என்று வன்னியில் ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வருடக்கணக்காக ட்ரமடோலும், நரம்பு நோவுக்கான பிரிகபலினும் எடுக்கிறார்கள். இந்த இரண்டு பெயரையும் இப்போது பொலிஸ் செய்திகளில் போதைக்குளிசை என்று கேட்பதால், டொக்டரிடம் சொல்லக் கூச்சம். சொல்லாமல் ஒபரேசன் தியேட்டருக்குள் போனால் இரண்டு வகையில் ஆபத்து. வழமையான அளவு மருந்து வேலை செய்யாது, ஆள் துடிப்பார். அல்லது குளிசை திடீரென்று நின்றதால் கொட்டாவி, மூக்கால் வடிதல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், படபடப்பு என்று வரும். அதை ஒபரேசனில் வந்த கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எடுக்கிற எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நித்திரைக் குளிசை, மனநலக் கிளினிக் மருந்து, நாட்டு மருந்து, சாராயம், பீடி, சுருட்டு எல்லாம் இதில் அடக்கம். மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மருந்துகளோடு ட்ரமடோல் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம். வலிப்பு வந்த வரலாறு உள்ளவருக்கு ட்ரமடோல் சரிவராது. புகைத்தலைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், பைபாஸ் இணைப்பில் புண் வருவதற்கு அது பெரிய காரணம். எந்த வலிமருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். குறைப்பதென்றால் டொக்டர் சொல்கிற வேகத்தில் மெதுவாகத்தான்.

அப்புறம் குறட்டைக் கணக்கு. மயக்க மருந்து டொக்டர்மார் எட்டுக் கேள்வி கேட்பார்கள்: சத்தமாகக் குறட்டையா, பகலில் களைப்பா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாரும் கண்டார்களா, பிரஷர் இருக்கிறதா, உடற்திணிவுச் சுட்டி 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு "ஓம்" என்றாலே யோசிக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து அதிகம். கழுத்தைத் தையற்காரரின் நாடாவால் வீட்டிலேயே அளக்கலாம். மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும், அதனால் அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முகமூடி வைத்துக் காற்றை ஊதும் இயந்திரம் தரப்பட்டிருந்தால் அதையும் ஒபரேசனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றியும் கேளுங்கள். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதாகி இருக்கலாம். டிக்ளோபெனாக், இபுபுறோபென் மாதிரி நோவையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்துகள் தரலாமா என்பதை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினை இரத்தத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

2. மயக்க மருந்து டொக்டரோடு பத்து நிமிடம்

ஒபரேசன் செய்யும் டொக்டரோடு எல்லோரும் கதைப்பார்கள். வலியைப் பற்றிக் கதைக்க வேண்டியவர் மயக்க மருந்து டொக்டர். "எனக்கு மோர்பின் குறைவாகப் போதுமா, வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். கோபிக்க மாட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் விரைவாகத் தேற உதவும் ஈராஸ் என்ற உலகளாவிய முறையின் எடைக் குறைப்புப் பகுதி முதலில் 2016இல் வந்தது. பல வகை மருந்துகளைச் சேர்த்து ஓபியோயிட்டைக் குறைப்பதைத்தான் அதுவும் சொல்கிறது.

அவர் சொல்வது விளங்குவதற்காக, தியேட்டருக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயக்கத்துக்கு முன்போ மயக்கத்திலோ பரசிற்றமோல் (பனடோலில் இருக்கும் மருந்து) 1 கிராம். குமட்டலையும் வீக்கத்தையும் குறைக்க டெக்ஸாமெத்தசோன், நீரிழிவு உள்ளவருக்குச் சீனி ஏறும் என்பதால் கவனத்தோடு. கமராவும் கருவிகளும் விடுவதற்கு வயிற்றில் துளை போடுகிற ஒவ்வொரு இடத்திலும் விறைப்பூசி. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே ஸ்கான் பார்த்து விறைப்பு மருந்து விடுவதும் உண்டு, அது நல்ல பலன் தரும். சிலர் லிடோகெயின், சிறிதளவு கெற்றமின், மக்னீசியம் ஆகியவற்றைச் சேலைனோடு விடுவார்கள். ஒபரேசனுக்கு இடம் எடுப்பதற்காக வயிற்றுக்குள் ஊதிய வாயுவை முடிவில் வடிவாக வெளியே எடுப்பதும் வலிமருந்துதான், பெயர் மட்டும் இல்லை.

பிரிகபலினைப் பற்றி மட்டும் என் கருத்து. முன்பு இதை ஒபரேசனுக்கு முதல் வழமையாகக் கொடுத்தார்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களிலும் ஓபியோயிட்டோடு சேரும்போதும் இது மூச்சைத் தாழ்த்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. ஏற்கனவே நரம்பு நோவுக்கு எடுப்பவர் தொடரட்டும். குறட்டைக்காரருக்குப் புதிதாகத் தொடங்குவது எனக்கு விருப்பமில்லை.

மொழியையும் யோசியுங்கள். கொழும்பு வோர்ட்டில் இரவு வேலையில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். நோவுக்கு "ரிதெனவா", சத்திக்கு "வமனே", மூச்செடுக்கக் கஷ்டம் என்பதற்கு "ஹுஸ்ம கன்ன அமாருய்". இந்த மூன்றையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள். பூச்சியம் முதல் பத்து வரை நோவை விரலால் காட்டலாம். ஆனால் எண்ணைவிட நான் நம்புவது வேறு மூன்று கேள்வி: ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா? தண்ணீர் விழுங்க முடிகிறதா? எழும்பி நடக்க முடிகிறதா? மூன்றும் முடிந்தால் நோ இருந்தாலும் பரவாயில்லை. வயிற்றில் ஐந்தாறு துளை போட்டவருக்கு முதல் இரண்டு நாள் நோவே இருக்காது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

3. முதல் 24 மணித்தியாலம்

"மிஸ், நோ வந்தாத்தானே குளிசை?" வோர்ட்டில் தினமும் கேட்கிற கேள்வி. இல்லை. பரசிற்றமோல் நோவைப் பார்த்து வராது, மணிக்கூட்டைப் பார்த்து வரும். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 1 கிராம், 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் இல்லை. ஈரல் பழுது உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் டொக்டர் அதையும் குறைப்பார். நோ ஏறிய பிறகு அதைத் துரத்திப் பிடிக்கப் போனால்தான் மோர்பின் தேவைப்படுகிறது.

படுக்கையின் தலைப்பக்கத்தை 30 பாகையளவு உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மல்லாந்து நேராகப் படுக்க வேண்டாம். மயக்கம் தெளிந்து சில மணித்தியாலத்துக்குள் கட்டிலோரத்தில் இருந்து, பிறகு பிடித்துக்கொண்டு நாலடி நடக்க வேண்டும். எழும்பும்போது சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துப் பக்கவாட்டில் உருண்டு எழும்புங்கள். இருமும்போதும் அப்படித்தான்.

தோள்மூட்டு நோவைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெட்டியது வயிற்றில், நோவது தோளில். உள்ளே ஊதிய காபனீரொட்சைட்டு மிச்சம் நின்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள சவ்வுத்தசையை உறுத்துகிறது. அந்தத் தசையின் நரம்பு கழுத்தில் இருந்து இறங்குவதால் நோ தோளில் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதற்கு மோர்பின் பெரிதாக உதவாது. நடப்பதும், தோளுக்கு இளஞ்சூட்டு ஒத்தடமும் உதவும்.

அப்படியும் நோ மிஞ்சினால் மோர்பினோ ட்ரமடோலோ கேளுங்கள், சிறிய அளவில். தாங்கிக்கொண்டு கிடப்பதும் பிழை. நோவுக்குப் பயந்து மூச்சை மேலாக இழுப்பவருக்குச் சளி கட்டி நியூமோனியா வரும். மருந்து போட்ட பிறகு பக்கத்தில் நிற்பவர் முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 12க்கும் 20க்கும் இடையில் இருந்தால் நல்லது. பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பாதி வசனத்தில் திரும்ப அயர்ந்தாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மூச்சு குறைவதற்கு முன் வரும் அறிகுறி இந்த அளவுக்கு மீறிய அயர்வுதான். நலொக்சோன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கும், நேரத்துக்குச் சொன்னால் ஆள் தப்புவார்.

4. துண்டு வாங்கும்போது

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோருக்கும் அவசரம். பஸ்ஸுக்கோ வானுக்கோ நேரமாகிவிடும். அந்த அவசரத்தில்தான் மாங்குளத்து அக்காவுக்கு வோர்ட்டில் ஒருவரும் கிளினிக்கில் ஒருவருமாக ஒரே மருந்தை இரண்டு துண்டில் எழுதினார்கள். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை, எங்கும் நடக்கும்.

ஒவ்வொரு மருந்தையும் கையில் எடுத்து, இது எதற்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு அட்டையின் பின்னால் தமிழில் எழுதுங்கள். ட்ரமடோல் தந்தால், "கட்டாயம் போட வேண்டுமா, தேவைப்பட்டால் மட்டுமா?" என்று கேளுங்கள். துளை போட்டுச் செய்கிற ஸ்லீவ் ஒபரேசனில் பலருக்கு வீட்டில் ஒரு குளிசையும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவருக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குத்தான். தூரம் என்று சொல்லி ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்குவது நம்முடைய ஆட்களின் கெட்டிக்காரத்தனம். பிரஷர் குளிசைக்கு அது சரி, இதற்குச் சரியில்லை.

எப்படி விழுங்குவது என்பதும் பிரச்சினை. பெரிய குளிசை புதிய வயிற்றில் இறங்காது. சாதாரண 500 மில்லிகிராம் பரசிற்றமோலைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பாணியும் இருக்கிறது. ஆனால் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பிள்ளைகளின் பாணி என்றால் 1 கிராமுக்கு 40 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும், சீனி வேறு. நுரைத்துக் கரையும் குளிசை வாயுவைக் கிளப்பும், முதல் கிழமைகளில் வேண்டாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் மாதிரி உறையோடு வரும் மருந்துகளையும் நீண்டநேரக் குளிசைகளையும் நசுக்கக் கூடாது. ட்ரமடோலும் பரசிற்றமோலும் ஒரே குளிசையில் கலந்து வருவதும், தடிமன் மருந்துகளில் பரசிற்றமோல் ஒளிந்திருப்பதும் உண்டு. அவற்றையும் 4 கிராம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. ஏ9 வீதியால் வீடு திரும்பும் பயணம்

கொழும்பில் இருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவு என்றால் மாங்குளத்தில் திரும்பி இன்னும் ஏறக்குறைய 50. உடல் பருத்தவருக்கு, ஒபரேசன் முடிந்த கிழமையில், கால் மடக்கி இருந்தால் இரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குப் போகலாம். கூடவே ட்ரமடோல் போட்டு நித்திரை ஆக்கிக்கொண்டு வந்தால் அசைவே இருக்காது. "பயணத்துக்கு ஒண்டு போடுவம்" என்று போடுவது அதனால்தான் பிழை.

முடிந்தால் ஓரிரண்டு நாள் கொழும்பிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். புறப்பட முன் பரசிற்றமோல் நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும், வானில் இருக்கும்போது குதிக்காலை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ரயிலில் வந்தால் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம், எனக்கு அதுதான் விருப்பம். சீற் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சின்னத் தலையணை. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், பிள்ளையாரைக் கும்பிட இறங்குகிற சாட்டில் நாலு தரம் சுற்றி நடவுங்கள். கச்சான் மட்டும் வேண்டாம். இரத்தக்கட்டி வராமல் தடுக்கும் ஊசி தந்திருந்தால் அதை ஒரு நாளும் தவறவிட வேண்டாம். இங்கே யார் போட்டுவிடுவது என்பதை முதலே ஒழுங்கு செய்துவிட்டுத்தான் கொழும்புக்குப் போயிருக்க வேண்டும்.

6. வீட்டில் முதல் இரண்டு கிழமை

முதல் நாலைந்து நாள் பரசிற்றமோல் காலை 6, மதியம் 12, பின்னேரம் 6, இரவு 12. நடு இரவில் எழும்ப முடியாவிட்டால் 10 மணிக்குப் போடலாம். இரண்டு தடவைக்கு இடையில் உள்ள நேரம் 4 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. பிறகு தேவைக்கு மட்டும். நாட்காட்டித் தாளில் போட்ட நேரத்தைக் குறியுங்கள், யார் கொடுத்தது என்ற குழப்பம் வராது.

அதற்கு மேலும் நோ நின்றால், ட்ரமடோலுக்குப் போகுமுன் ஒரு சுற்றுப் பாருங்கள். தண்ணீர் குடித்தது எவ்வளவு? இன்று நடந்தாரா? மலம் போனதா? அவசரமாகக் குடித்ததால் நெஞ்சுக்குள் அடைக்கிறதா? பாதி நோ இந்த நாலு கேள்விக்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் என்று இலக்கு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு. வெயில் ஏற முன் காலையில் முற்றத்தில் நடை, பின்னேரம் திரும்ப. வயிறு இளக டொக்டர் தந்த மருந்தை முதல் நாளில் இருந்தே எடுக்க வேண்டும், இறுகிய பிறகு எடுப்பது பிந்தி.

அப்படியும் முடியவில்லை என்றால், எழுதித் தந்த அளவில் ஒரே ஒரு ட்ரமடோல். அன்று சாராயமும் நித்திரைக் குளிசையும் தூக்கம் தரும் தடிமன் மருந்தும் இல்லை. தனியாகப் படுக்க விடாதீர்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி அலுமாரியில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சை எண்ணாமல் விட வேண்டாம்.

டிக்ளோபெனாக் பற்றி நம்முடைய ஊரில் ஒரு பிழையான எண்ணம் உண்டு. வாயால் போட்டால்தான் வயிற்றுக்குக் கூடாது, ஊசியாகவோ பின்பக்கத்தாலோ வைத்தால் பிரச்சினையில்லை என்பார்கள். அது இரத்தத்தின் வழியாகத்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் படலத்தைக் குறைக்கிறது, எந்த வாசலால் உள்ளே போனாலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைப் பார்த்து, கண்காணிப்போடு ஓரிரு நாள் தருவது வேறு. ஸ்லீவ் செய்தவருக்குக் குறுகிய நாளுக்குச் சில டொக்டர்மார் அனுமதிப்பார்கள். பைபாஸ் செய்தவர் வீட்டில் தானாக எடுக்கவே கூடாது.

7. குளிசை போட்டு மறைக்கக் கூடாத நோ

ஒவ்வொரு நாளும் நோ கொஞ்சமாவது குறைய வேண்டும். குறைந்து வந்த நோ திரும்பக் கூடினால், அது வலிமருந்து போதாது என்பதற்கான அடையாளம் இல்லை. உள்ளே ஏதோ பிழை. ஸ்டேப்பிள் வரியில் கசிவு வந்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் இதயத் துடிப்புத்தான்: ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 120க்கு மேல். காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோளில் விடாத நோ, "ஏதோ சரியில்லை" என்ற பதகளிப்பு ஆகியவை கூட வரலாம். வாயு நோ என்று மூன்றாம் நாளுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கசிவு பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் வந்தாலும் சில கிழமை கழித்து வந்ததும் உண்டு. கடும் வலிக்குளிசை இந்த நோவை மூடிவிடும், நோய் உள்ளே வளரும்.

ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீரென்று நெஞ்சு நோ, கறுப்பாக மலம், ஒரு மிடறும் இறங்காத சத்தி, எழுப்ப முடியாத நித்திரை. இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எது கிட்டவோ அந்த மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பு டொக்டருக்கு வழியில் இருந்து கதைக்கலாம். அவரைப் பிடித்த பிறகு புறப்படுவோம் என்று காத்திருக்க வேண்டாம்.

8. மிஞ்சிய குளிசையும் பிறகு வரும் மாதங்களும்

மிஞ்சிய ட்ரமடோலைச் சாமியறைத் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோகிற வீடுகளை எனக்குத் தெரியும். அயலில் ஒருவருக்கு இடுப்பு நோ வந்தால் அதில் இரண்டு போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கூட்டாளி ஒருவன் கண்டால் மிச்சமும் போகும். எண்ணிப் பூட்டி வையுங்கள். இரண்டு கிழமைக்குள் தேவை முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பாமசியில் கேட்டுக் கையளியுங்கள். முடியாவிட்டால் ஈரமண்ணோடோ தேயிலைச் சக்கையோடோ கலந்து, பைக்குள் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கிணற்றுப் பக்கம் போட வேண்டாம்.

முன்பே நாட்பட்ட நோவுக்குக் குளிசை எடுத்தவர்களுக்கு இந்த மாதங்கள் ஒரு வாய்ப்பு. எடை இறங்க முழங்கால் சுமை குறையும். அப்போது ட்ரமடோலைப் படிப்படியாகக் குறைக்க ஒரு திகதி குறித்துக் கிளினிக்கில் கதையுங்கள். செல் துண்டு நோவும் நரம்பு நோவும் எடையோடு போகாது, அதற்குத் தனி மருந்தும் பயிற்சியும் வேண்டும். அதை அவர்களுக்கு முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். மேல்வயிற்றில் புதிதாக நோ வந்தால் புண்ணாக இருக்கலாம். வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தக்கல்லும் வரும். ஸ்கான் எடுக்க வேண்டிய இடத்தில் வலிக்குளிசை வாங்காதீர்கள்.

மாங்குளத்து அக்காவின் கிளினிக் கொப்பி முதற் பக்கத்தில் அன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "வயிறு ஒபரேசன் செய்தவர். டிக்ளோபெனாக், இபுபுறோபென் வேண்டாம். பரசிற்றமோல் பொடியாக்கி. தூக்கத்தில் மூச்சு அடைக்கும்." மூன்று மாதம் கழித்துப் பல்லு நோ என்று போனபோது, ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் பல் டொக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாராம்.